வலப்பக்கத்து எண்கள்

என்னுடைய முதல் லேப்டாப் இன்னும் என் அலுவலக பீரோவில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் எழும்பாது. பேட்டரி உப்பிப்போய் எப்போதோ கழற்றி எறிந்தாயிற்று. ஐந்து வருடச் சட்டப் படிப்பும், அதன்பின் ராமநாதபுரம் கோர்ட்டில் நான் போட்ட முதல் மனுக்களும் அதில் அடித்தவைதான். எழுத்துகள் பாதிக்கு மேல் தேய்ந்து, சில பொத்தான்கள் வெறும் வழவழப்பாகக் கிடக்கின்றன. ஆனால் வலது ஓரத்தில் எண்கள் மட்டும் தனியாக ஒரு கட்டமாக இருக்கும். அவை வாங்கிய அன்று இருந்ததுபோலவே பளிச்சென்று இருக்கின்றன. நான் அவற்றைத் தொட்டதே இல்லை. பிரிவு எண், வழக்கு எண் என்று எது வந்தாலும் மேல்வரிசையில் தேடித் தேடித்தான் அடிப்பேன். அது வீம்பு. என் அக்காவிடம் காட்டிய வீம்பு.

எங்களுக்குச் சாயல்குடிப் பக்கம் ஒரு கிராமம். மழை விழுந்தால் மிளகாய், விழாவிட்டால் கருவேலங்காடு. ஐப்பசியில் முதல் ஈரம் கண்டதும் முதல் விதையை அக்காதான் போட வேண்டும். அவள் ஏழு வயதில் விளையாட்டாக ஒரு பிடி விதை போட்ட வருடம் காய் கொட்டோ கொட்டென்று கொட்டியதாம். அன்றிலிருந்து அவளுக்குக் கைராசி என்று அய்யா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். புதுப் பானை வாங்கினாலும், ஆட்டுக்குட்டி பிடித்து வந்தாலும், அக்கம்பக்கத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தொடச் சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய்த் தொட்டுவிட்டு வருவாள்.

அந்தக் கைக்கு வேறொன்றும் தெரியும் என்று நான் எட்டாம் வகுப்பில் பார்த்தேன். பிளஸ் டூ எழுதி முடித்த விடுமுறையில் அக்கா சாயல்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலைக்குப் போனாள். ரேஷன் கார்டு எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. ஒருநாள் மதியம் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனேன். அவள் கண் தாளில் இருந்தது. இடது கை விரல் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் எண்களின் மேல், யாரும் சொல்லாமலே, தூறல் விழுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. “ஒங்க அக்காவுக்கு வெரல்ல கண்ணு இருக்குடா” என்றார் கடைக்காரர். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

மதுரையில் புள்ளியியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்துக் கடிதமும் வந்தது. “அடுத்த வருசம் பாத்துக்கிறலாம் ஆத்தா” என்றார் அய்யா. அந்த அடுத்த வருடத்தில் சிக்கல் என்கிற ஊரில் இருந்த அத்தை மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். கல்யாணச் சந்தடியில் அந்தக் கடிதம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதன்பிறகு ஐப்பசி தவறாமல் முதல் விதைக்கு மட்டும் அவளுக்கு ஆள் போகும்.

எனக்கு மதுரையில் சட்டத்துக்கு இடம் கிடைத்தபோது லேப்டாப் வாங்குவது என்று முடிவாயிற்று. அய்யா உடனே சிக்கலுக்குப் போன் போட்டார். “நீ வந்து ஒரு கை தொட்டுக் குடு ஆத்தா. ஒங்கை பட்டாத்தான் இவனுக்கு வெளங்கும்.” அக்கா ஒரு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி ராமநாதபுரத்துக்கே வந்துவிட்டாள்.

கடைக்குள் போனதும் நான் வெள்ளி நிறத்தில் மெலிசாக இருந்த ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரிக்குள் நுழைவதுபோல் மனதுக்குள் ஒரு படமே ஓடியது. அக்கா குழந்தையை என் கையில் திணித்துவிட்டுக் கடைப் பையனிடம் கேட்க ஆரம்பித்தாள். “இதுல ரேம் பெறகு கூட்டிக்கிறலாமா? ரிப்பேருன்னா மதுரைக்கு ஓடணுமா, இங்கனயே பாப்பீகளா?” அவள் கேட்க, அவன் அய்யாவைப் பார்த்துப் பதில் சொன்னான். அய்யா ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். அக்கா ஒவ்வொரு மூடியாகத் திறந்து, மூடி, கீல் ஆடுகிறதா என்று பார்த்தாள். என் வெள்ளிக்காரி அந்த இடத்திலேயே தோற்றுவிட்டாள். மூலையில் கறுப்பாக, தடியாக ஒன்று இருந்தது. அக்கா அதன் வலது ஓரத்தில் கையை வைத்தாள். ஐந்தாம் எண்ணின் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். நடுவிரல் அதில் போய் உட்கார்ந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். திரையில் எங்கள் வீட்டு ரேஷன் கார்டு எண், ஒன்றுகூடப் பிசகாமல் வந்து நின்றது.

“எண்ணுக்குத் தனி எடம் இருக்கு பாரு தம்பி. குனிஞ்சு பாக்கவே வேண்டாம், வெரலே போயிரும்” என்றாள். கல்யாணத்துக்குப் பின் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

என் இடுப்பில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, “படிக்கப் போறது நானா, நீயா?” என்று கேட்டேன்.

அக்கா கையை எடுத்துவிட்டாள். சுட்டதுபோல் சட்டென்று. பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றாள். அய்யாவுக்கு நான் கேட்டதும் உறைக்கவில்லை, அவள் போய் நின்றதும் உறைக்கவில்லை. “அவ கை வச்சதயே கட்டுங்க தம்பி” என்று கடைப் பையனிடம் சொன்னார். அப்படித்தான் அந்தக் கறுப்பு லேப்டாப் என்னிடம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் சிக்கல் பஸ் கிளம்பும்போது அக்கா ஜன்னல் வழியாக, “நல்லாப் படி” என்றாள். எனக்கு அன்று வெட்கம்கூட வரவில்லை.

ஹாஸ்டலில் இரண்டாம் வருடமே பக்கத்து அறைக்காரனின் மெலிசு லேப்டாப்புக்குக் கீல் உடைந்தது. மூன்றாம் வருடம் எல்லோருடையதும் திணறியபோது, நான் ராமநாதபுரத்திலேயே ரேமைக் கூட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். எப்படிடா இன்னும் ஓடுது என்று நண்பர்கள் கேட்பார்கள். “எங்க அக்கா கைராசிடா” என்று சொல்வேன். பாராட்டு என்றுதான் நினைத்துச் சொன்னேன். அவள் அறிவுக்குச் சேர வேண்டியதைக் கைராசியின் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டிருந்தோம், அப்பனும் மகனும் சேர்ந்து. வக்கீல் ஆன பிறகு எத்தனையோ பேருக்காக வாதாடியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் என் தரப்பில் சொல்ல ஒன்றுமே இல்லை.

போன மாதம் அக்கா மகளுக்கு, அன்று என் இடுப்பில் கத்தியதே அதே பிள்ளைக்கு, வேளாண்மைப் படிப்பில் இடம் கிடைத்தது. தாய்மாமன் என்ற உரிமையில் அக்காவுக்குப் போன் செய்தேன். “லேப்டாப் நான் எடுத்துத் தாரேங்க்கா. நீயும் வந்துரு. ஒன் கைராசிக்கு...”

அவள் என்னை முடிக்க விடவில்லை.

“தம்பி, கைராசின்னு கூப்பிடாத” என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. “வெதைக்குக் கூப்பிட்டீக, வந்தேன். ஆட்டுக்குட்டிக்குக் கூப்பிட்டாக, போனேன். ஒனக்கு வாங்கவும் அதுக்குத்தான கூப்பிட்டீக. ஏலே, எனக்குக் கம்ப்யூட்டரப் பத்தித் தெரியும்டா. அதுக்குன்னு ஒருதரம் கூப்பிடு, வாரேன்.”

“எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. நீ வந்து பாத்துச் சொல்லு” என்றேன். “ம்” என்றாள்.

மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தலையில் நரை ஓடியிருந்தது. கடையில் இந்த முறை பதில் சொன்னவன் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். நான் இரண்டடி தள்ளியே நின்றுகொண்டேன். பிள்ளைக்கு எண்கட்டம் இல்லாத சின்ன லேப்டாப் ஒன்று பிடித்திருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அதன் கீலை ஆட்டிப் பார்த்தாள், ரேமைக் கேட்டாள், அப்புறம் மகளிடம், “படிக்கப் போறது நீ. ஒனக்கு வாகா இருந்தா எடுத்துக்க” என்றாள்.

என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பழைய வார்த்தை அவளுக்கு நினைவிருக்குமோ இல்லையோ, நான் கேட்கவில்லை.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு அலுவலகம் வந்து பீரோவைத் திறந்தேன். கறுப்பு லேப்டாப்பை மேசையில் வைத்து, முதல்தடவையாக வலது ஓரத்தில் கையை வைத்தேன். நடுவிரல் துழாவித் துழாவி ஐந்தின் மேட்டைக் கண்டுபிடித்தது. நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே அக்காவின் போன் நம்பரை அடித்துப் பார்த்தேன். நாலாவது எண்ணுக்கு விரல் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது. குனிந்து பார்த்துத்தான் அழுத்தினேன்.