அவருக்கு வைத்த புதுக் கணையம்

என் கணவருக்குப் பள்ளிக்கூட வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. கல்யாணமான மறுவாரமே ஊசி போடக் கற்றுக்கொண்டேன். கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிற வீடு எங்களுடையது. அதில் ஒரு துண்டுகூட அவர் வாயில் போக விடமாட்டேன். போலீஸ்காரி என்று கேலி செய்வார். செய்யட்டுமே.

அப்படிக் காத்தும் கிட்னி இரண்டும் போய்விட்டன. கள்ளக்குறிச்சியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தபோது, சென்னை டாக்டர் ஒருவர் கிட்னியோடு, இன்சுலின் சுரக்கிற கணையத்தையும் சேர்த்து மாற்றலாம், பிறகு ஊசியே வேண்டாம் என்றார். தூக்கிவாரிப்போட்டது எனக்கு. கணையத்தைக்கூடவா மாற்றுவார்கள்? மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரிடமிருந்து இரண்டும் வந்தன. எந்த வீட்டுப் பிள்ளையோ! அன்று நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

ஊர் திரும்பியதும் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "பழச இன்னா பண்ணாங்க?" என்று கேட்டார். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, புதியதை அடிவயிற்றில் வைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. நானே முழுதாக நம்பவில்லை. உடம்பு புதுக் கணையத்தை ஏற்காமல் போகலாம், மாத்திரையை ஒரு வேளையும் விடக்கூடாது, சர்க்கரை ஏறினால் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பயத்திலேயே நாள் ஓடியது.

பொங்கலன்று, டாக்டர் அனுமதித்த அளவுக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். அவருக்கு ஊசி போடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவர் விரலில் குத்திப் பார்த்தால், நூற்றுப் பன்னிரண்டு.

"மெஷின் கெட்டுப்போச்சுங்க. இவ்ளோ கம்மியா காட்டாது."

"உன் வெரல்ல குத்திப் பாரு. உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

புது ஊசியால் குத்திக்கொண்டேன். முந்நூற்று நாற்பது.

"பாத்தீங்களா, கெட்டுதான் போச்சு!" என்று ஜெயித்தவள் மாதிரி கத்தினேன். விரலில் வெல்லம் ஒட்டியிருக்கும் என்றார் அவர். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்தினேன். அதே முந்நூற்றுச் சொச்சம். அவர் தன் விரலையும் மறுபடி குத்திப் பார்த்தார். நூற்றுப் பத்து.

இத்தனை வருடத்தில் என் விரலை ஒருநாளும் நான் குத்திப் பார்த்ததில்லை. எனக்கென்று மிச்சம் வைத்திருந்த பொங்கல் கிண்ணத்தை அவர் தூரத் தள்ளி வைத்தார்.

"காலைல ஒண்ணும் சாப்டாத," என்றார். "கள்ளக்குறிச்சி போயி டெஸ்ட் எடுத்துக்கினு வந்துடலாம்."