காரணம் கேட்டவர்

கம்பெனி வேனில் எனக்கு முன் இருக்கையில் அந்தக் கட்டிங் மாஸ்டர் உட்காருவார். புருவத்தில் எப்போதும் பனியன் துணியின் பஞ்சு ஒட்டியிருக்கும். காரணம் இல்லாத பேச்சு வாதமே ஆகாது என்பது அவர் சட்டம். யார் என்ன சொன்னாலும், "இதைத்தானுங்க சொல்ல வர்றீங்க?" என்று அதைச் சொன்னவரைவிட அழகாகச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார். முதலாளி கோயிலுக்குக் கொடுப்பதால் நல்லவர் என்றாள், என்னோடு செக்கிங்கில் இருப்பவள். "குடுக்கற மனசு இருக்கறவரு கெட்டவரா இருக்க மாட்டாரு, இதைத்தானுங்க சொல்ல வர்றீங்க? ஆனா அது சாமிக்கு நல்லதுங்க. நமக்கு நல்லவரான்னு தனியாப் பாக்கோணும்" என்றார். அந்தப் பேச்சுக்காகவே நான் வேனைத் தவறவிட்டதில்லை.

ஒரு நாள், அடுத்த வாரம் வேறு யூனிட்டுக்குப் போவதாகச் சொன்னார்.

"போகாதீங்க" என்றேன்.

"காரணம் சொல்லுங்க. சரியா இருந்தா ஒத்துக்கறனுங்க."

அங்கே சம்பளம் அதிகம், அவர் வீட்டுக்கும் பக்கம். யோசிக்க யோசிக்க எல்லாக் காரணமும் அவர் போவதற்கே இருந்தது.

"காரணமெல்லாம் இல்லீங்க. போகாதீங்க."

வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் விட்டிருக்க மாட்டார். அன்று அவர் இறங்கும் ராயபுரம் ஸ்டாப் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

போய்விட்டார். அந்த இருக்கையில் இப்போது யார் யாரோ உட்காருகிறார்கள்.

எல்லோரிடமும் கேட்டவர், அன்று என்னிடம் மட்டும், "இதைத்தானுங்க சொல்ல வர்றீங்க?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஆமாங்க என்றிருப்பேன்.