எட்டு எண்ணும்வரை மௌனம்

ஈரக் கம்பளியும் கருகிய காப்பியும் கலந்த வாசம் ஒன்று ஆக்லாந்தின் சாண்ட்ரிங்ஹாமில், எனக்குப் பியானோ பழக்கிய "ஜேர்மன் மாஸ்டர்" வீட்டு முன்னறையில் எப்போதும் இருந்தது. அதை முகர்ந்தவுடனேயே என் இடக்கை விரல்கள் ஐந்தும் ஒன்றையொன்று முன்பின் அறியாதவை போலாகிவிடும்.

மாஸ்டர் தன் நாட்டில் பெரிய வாத்தியக் குழுக்களுக்கு இசை எழுதியவர் என்றும், மனைவியின் ஊரென்று ஆக்லாந்துக்கு வந்தபின் பிள்ளைகளுக்காக மட்டுமே எழுதினார் என்றும் அப்பா சொல்லுவார். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பியானோ இசை எழுதி, பிரதி எடுக்காமல் மூலத்தையே கையில் தந்துவிடுவார். சின்னக் கைக்காரிக்குச் சின்னக் கைக்கேற்றது, அவசரக்காரனுக்கு ஓட்டமாய் ஓடுவது. பதறினால் பாதியில் நின்றுவிடுகிற எனக்கு இரண்டு தாள்களில் எழுதி, முதல் தாளின் முடிவில் எட்டு எண்ணும்வரை மௌனம் வைத்தார். "இங்கே மூச்சு விடு, பிறகு அடுத்த தாளுக்குப் போ" என்றார்.

மாணவர் கச்சேரிக்கு அம்மா எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப்பேரை அழைத்து, தேவாலய மண்டபத்தின் முன்வரிசைகளை நிரப்பியிருந்தார். "பிழை விட்டாலும் சிரிச்சுக்கொண்டு விடு தம்பி, சனம் கண்டுபிடிக்காது" என்பது அவர் தந்த ஒரே பயிற்சி. முதல் தாளை நான் பிழையின்றி வாசித்து முடித்தது எனக்கே அதிர்ச்சி. மௌனம் வந்தது, நாலு எண்ணுவதற்குள் முடிந்துவிட்டதென்று முன்வரிசை கைதட்ட, மண்டபமே சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு வயதில் அதைவிட நல்ல தப்பிக்கும் வழி கிடைக்காது. எழுந்து, கும்பிட்டு, இறங்கிவிட்டேன்.

மாஸ்டர் வந்து, "மௌனம்வரை நன்றாக இருந்தது. மீதியைச் செவ்வாய்க்கிழமை எனக்கு வாசித்துக் காட்டு. நீ அதை முழுதாக வாசித்து நான் ஒருமுறையும் கேட்கவில்லை" என்றார்.

"என்ன மீதி?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லையம்மா, அடுத்த பாடம்."

வீட்டுக்குப் போகும் வழியில் டெய்ரி என்கிற மூலைக்கடையின் வாசல் குப்பைத்தொட்டியில், ஐஸ்கிரீம் உறைகளுக்கு அடியில், இரண்டாம் தாளைப் புதைத்தேன். செவ்வாயன்று எனக்கு வயிற்றுவலி. நாங்கள் மேற்குப் பக்கம் வீடு மாறும்வரை, இரண்டு மாதம், செவ்வாய்தோறும் அந்த வலி தவறாமல் வந்தது.

பல வருடங்கள் கழித்து மாஸ்டர் காலமானார், அவர் வீட்டை இடித்த இடத்தில் இப்போது ஆறு டவுன்ஹவுஸ்கள். அவருடைய மகள் பழைய மாணவர்களிடமிருந்து தாள்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார். நான் முதல் தாளை அனுப்பினேன்.

"இதற்குமேல் இல்லையா?" என்று தொலைபேசியில் கேட்டார். மோர்ட்கேஜும் வழுக்கையும் உள்ள மனிதன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அவ்வளவுதான்" என்றது என் வாய்.

போன வாரம் புத்தகம் வந்தது. என் பக்கத்தின் அடியில் மட்டும், "இதை அவர் முடிக்கவில்லை" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் விரித்துக் காட்டுகிறார்.

"அந்தாள் அரைகுறையா விட்டிட்டுப் போனதை, என்ர பிள்ளை அண்டைக்கு மேடையில எவ்வளவு வடிவா முடிச்சவன் தெரியுமோ?"