பூட்டி வைத்த பாட்டு

சிக்னல் என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. மொட்டை மாடிகளில் நின்றுகொண்டு, டிஷ்ஷை இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் திருப்பி, கீழே இருப்பவர்களிடம் "சிக்னல் வந்துருச்சா?" என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்!

தொழிலில் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே வேண்டாம். படம் கட்டம் கட்டமாகத் தெறிக்கிறதா, பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிகிறதா, பதிவு செய்த நாடகம் பாதியில் நிற்கிறதா, எல்லாரும் அவனுக்குத்தான் ஃபோன் போடுவார்கள். வந்ததும் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பான். "இந்தக் கொதி கொதிக்குது, மேல துணி விரிச்சுப் பொம்மை வேற வச்சிருக்கீங்க. நல்லா இருக்கும்மா உங்க நியாயம்!" என்று சண்டையோடுதான் வேலையைத் தொடங்குவான். வாய் கொஞ்சம் நீளம். கை சுத்தம் என்பதால் எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அவனுக்குப் பிடித்த வேலை டிஸ்க் மாற்றுவது. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். அது நிரம்பிவிட்டால், புதியதற்கு இடம் வேண்டுமென்று பெட்டி பழையதை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும். பூட்டி வைத்ததை மட்டும் தொடாது. சிக்னல் சின்ன டிஸ்க்கைக் கழற்றி, உள்ளே இருப்பதை அப்படியே பெரிய டிஸ்க்கில் நகலெடுத்து மாட்டிக் கொடுப்பான். நகலெடுக்கும் கருவியில் இரண்டு பொந்துகள். இடது பொந்தில் இருப்பது வலது பொந்துக்குப் போகும். அதனால் இடதில் பழையது, வலதில் புதியது. மாற்றிச் செருகினால் போச்சு, காலி டிஸ்க் நிரம்பிய டிஸ்க்கைத் துடைத்துவிடும். அந்தப் பயத்தில்தான், யார் வீட்டு டிஸ்க்கைக் கழற்றினாலும் முதல் காரியமாக அதன் நெற்றியில் சிவப்பு டேப் ஒட்டுவான்.

ஊரெல்லாம் மாற்றிக் கொடுத்தவனின் வீட்டுப் பெட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. 'இடம் போதவில்லை' என்று தினமும் திரையில் வரும். அவன் மனைவி அதை விரலால் காட்டிவிட்டு அவனை ஒரு பார்வை பார்ப்பாள். இவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டு நழுவிவிடுவான். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். பயம்.

அந்தப் பெட்டியில் அவளுடைய பாட்டு இருந்தது. அவள் பாடத் தொடங்கினால் பக்கத்து வீட்டில் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அப்படிப்பட்ட குரல். ஒரு சேனல் நடத்திய பாட்டுப் போட்டியில் முதல் சுற்றில் பாடினாள். இரண்டாம் சுற்றுக்குப் போகவில்லை. போகாவிட்டால் என்ன, டிவியில் வந்தாளா இல்லையா! சிக்னல் அன்று தெருவையே வீட்டுக்குள் கூட்டி உட்கார வைத்தான். பதிவு செய்து, பூட்டி, கல்யாணத் தேதியையே அதற்கு ரகசிய எண்ணாகவும் போட்டான். பிறகு அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தவர்கள் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், குரல் நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது அவள் பேசினால் காற்றும் கொஞ்சம் கரகரப்பும்தான் வரும். அந்தச் சேனலையும் இழுத்து மூடிவிட்டார்கள். ஆக, அவளுடைய பழைய குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான். அந்த டிஸ்க்கும் அந்தப் பெட்டியில்தான் பேசும். கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு மண்ணும் வராது.

பெட்டியில் ஓடவிட்டு இன்னொரு ரெக்கார்டரில் பிடித்து வைத்திருக்கலாம். பிடித்திருக்க வேண்டும். அதற்கு அதை ஓடவிட வேண்டுமே! ஆபரேஷனுக்குப் பிறகு அவன் அந்தப் பூட்டைத் திறக்கவே இல்லை. அவள் காதில் அது விழுந்தால் என்ன ஆவாளோ என்கிற பயம்தான்.

ஒருநாள் டிஸ்க் டக் டக்கென்று முனக ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் டிஸ்க் சாகப் போகிறது என்று எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். இனி தள்ளிப்போட முடியாது. மறுநாள் அவள் தையல் கூடத்துக்குக் கிளம்பிப் போனதும் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தான். எந்த வீட்டிலும் வேலைக்கு முன்னால் பூட்டிய பதிவுகளைத் திறந்து சரிபார்ப்பவன், அன்று திறக்கவில்லை. சிவப்பு டேப்பும் ஒட்டவில்லை. நம்ம வீட்டு டிஸ்க்தானே, தெரியாதா என்ன என்கிற மிதப்பு! புதியதும் அதே கம்பெனி, அதே கறுப்பு, அதே உருவம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது ஃபோன் அடித்தது.

"படம் வரலைங்க" என்றாள் ஒரு வாடிக்கையாளர் அம்மா.

"பின்னாடி வயரைப் பிடுங்கிட்டுத் திரும்பச் செருகுங்க."

"எந்த வயர்? இங்க ஒரு கொத்தே இருக்கே!"

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவளுக்கு வயர் சொல்லிக்கொண்டே இங்கே டிஸ்க்குகளைப் பொந்துகளில் செருகிப் பொத்தானை அமுக்கினான். விளக்குகள் மினுங்க ஆரம்பித்தன. அவளுக்குப் படம் வந்துவிட்டது. "நல்லா இருப்பீங்க" என்று வாழ்த்திவிட்டு வைத்தாள்.

சிரித்துக்கொண்டே கருவியைப் பார்த்தவனின் முகத்தில் ஈயாடவில்லை. முனகல் வலது பொந்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகும் வயரைக் கையில் பிடித்தபடியே நின்றான். கொஞ்ச நேரம்தான் ஓடியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பழைய டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டி டிவியைப் போட்டான். திரையில் வந்தது: 'புதிய டிஸ்க். சுத்தம் செய்து தொடங்க ஓகே அமுக்கவும்.' பழகிய கை தானாக ரிமோட்டுக்குப் போனது. ஐயோ என்று கையை உதறிக்கொண்டு பெட்டியின் வயரையும் பிடுங்கினான். கட்டைவிரல் தவறிப் பட்டிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும்.

அடப்பாவி மனுஷா, ஊருக்கெல்லாம் புத்தி சொன்னாயே!

கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து மீட்டெடுப்பதில் அடித்துக்கொள்ள முடியாத ஆள் ஒருவன்தான் இருந்தான். உயரத்தைப் பார்த்து அவனுக்கு ஏணி என்று பெயர். ஒரு காலத்தில் இருவரும் கூட்டாளிகள். பிறகு ஒரு காற்று நாளில் அவர்கள் மாட்டிய டிஷ் பிய்த்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக் காரின் மேல் விழுந்தது. நீதான் போல்ட்டை முறுக்கவில்லை என்று இவன், நீதான் என்று அவன். அன்றோடு பேச்சுவார்த்தை கிடையாது. சிக்னல் ரோஷத்தை மென்று விழுங்கிவிட்டு எண்ணை அழுத்தினான்.

"நான்தான், சிக்னல்."

"எங்க வீட்ல சிக்னல் நல்லாத்தான் இருக்கு. வை ஃபோனை."

"வச்சிராதய்யா! உன் காலைப் பிடிக்கிறேன். டிஸ்க்கை மாத்திச் செருகிட்டேன்."



"நீயா? யார் வீட்டுது?"

"என் வீட்டுது. அவ பாட்டு அதுலதான் இருக்கு."

"எதையும் தொடாதே. வர்றேன்" என்றான் ஏணி.

வந்தான். முகத்தைக்கூடப் பார்க்காமல் லேப்டாப்பை விரித்து டிஸ்க்கை மாட்டினான். "டிஸ்க்கோட ஆரம்பப் பகுதி அழிஞ்சு போயிருக்கு. பதிவுகளோட பட்டியல் அங்கதான் இருக்கும். ஆனா அதுக்கு ஒரு நகலைக் கம்பெனிக்காரன் கடைசியிலயும் வச்சிருப்பான். அது கிடைச்சா பிழைச்சே" என்றான். தேடல் ஊர்ந்தது. டிஸ்க் முனகியது. ஒவ்வொரு டக்குக்கும் சிக்னலுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நடுவில் ஒருமுறை முனகல் அடியோடு நின்றுவிட, இரண்டு பேரும் டிஸ்க்கின் மேல் குனிந்தார்கள். பிறகு தானாகவே ஓடத் தொடங்கியது.

"தள்ளி உட்காரு. நீ நடுங்குற நடுக்கத்துல மேசையே ஆடுது" என்றான் ஏணி.

சிக்னல் தள்ளி உட்கார்ந்தான். அவளிடம் என்ன சொல்வது? உன் குரலை நான்தான் துடைத்துப் போட்டேன் என்றா? டாக்டர்கள் எடுத்தது பாதி, மீதியை நான் எடுத்தேன் என்றா? வேண்டாத தெய்வமில்லை.

பட்டியல் கிடைத்தது. ஏணி அதைச் சரிசெய்து, இடது எது வலது எது என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, புதிய டிஸ்க்கில் நகலெடுத்து முடித்தபோது ஜன்னல் வெயில் மஞ்சளாகிவிட்டது. பெட்டியில் மாட்டினார்கள். திரையில் அவள் பதிவு செய்திருந்த நாடகங்கள் வரிசையாக வந்தன. சிக்னல் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பிறகு வேர்த்த விரலால் ரகசிய எண்ணை அடித்தான்.

'பூட்டிய பதிவுகள் எதுவும் இல்லை.'

இன்னொருமுறை அடித்தான். அதேதான்.

"பட்டியல்ல பேராவது இருக்கணுமே" என்று ஏணி நெற்றியைச் சொறிந்தான். சிக்னல் காதில் எதுவும் விழவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

பிரித்துப் போட்ட பெட்டியையும், பல வருஷமாக வாசல் மிதிக்காத ஏணியையும், தரையில் கிடக்கும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். டேப் ஒட்டாதது, ஃபோன், பொந்து மாறியது, எல்லாம். "உன் பாட்டைக் கொன்னுட்டேன். என்னை என்ன வேணா பண்ணு" என்று அழுதான்.

அவள் தோள்பையை இறக்கி வைத்தாள். வார்த்தைகள் மெதுவாக, காற்றோடு வந்தன.

"அதை நான்தான் அழிச்சேன்."

"எதை?"

"பாட்டை. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து கொஞ்ச நாள்லயே. நீங்க வேலைக்குப் போயிருந்தப்போ போட்டுக் கேட்டேன். நல்லாத்தான் பாடியிருந்தா. அவளையும் இந்த வீட்ல வச்சுக்கிட்டு என்னால குடும்பம் நடத்த முடியும்னு தோணலை. அழிச்சிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னைக்காவது ஒருநாள் கேட்பீங்க, அப்போ சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க கேட்கவே இல்ல. எனக்கு அது வேற கோபம்."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"தெரியும்." மூச்சு வாங்க நிறுத்தினாள். "அதனாலதான் என்னைப் பேசவும் விடறதில்ல. கடையில நான் வாயைத் திறந்தா நீங்களே முடிச்சு வைக்கிறீங்க. யாராவது வந்தா 'அவளால முடியாது'ன்னு நீங்களே பதில் சொல்றீங்க. என்னால முடியுதுங்க. மெதுவா வரும், அவ்வளவுதான். போன குரலுக்கு ரெண்டு பேரும் இந்தப் பாடு படுறீங்களே, இருக்கிற குரலை யாருங்க கேட்கறது?"

ஒரே அடி. இத்தனை நீளமாக அவள் பேசி அவன் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. வெட்கத்தில் அவனுக்குக் காது சூடானது.

லேப்டாப்பை மூடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்ற ஏணியின் பக்கம் அவள் திரும்பினாள். "அண்ணா, நீங்க..." என்று ஆரம்பித்தாள். குரல் நடுவில் சிக்கிக்கொண்டது. என்ன கேட்கப் போகிறாள் என்று சிக்னலுக்குத் தெரியும். வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான். அவள் எச்சிலை விழுங்கி, மூச்சை இழுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஏணி குனிந்து காதைக் கொடுத்தான்.

"அண்ணா, நீங்க டீ குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன்மா" என்றான் ஏணி.