தாமுவே மல்லியும் எட்மண்டன் பனியும்

ஜனவரி 9, காலை 7.10. மூன்று செடிகள் செத்த பிறகு நான்காவதைத் தேடி பர்மாவின் யாங்கோனில் இறங்கினேன். நான் வேலை பார்க்கும் கனடாவின் எட்மண்டனில் அன்று மைனஸ் இருபத்தாறு.

குளிர்நாட்டில் மல்லிகை வளர்க்கப் போராடுபவர்களுக்காகச் சொல்கிறேன். தெற்கு ஜன்னல், பதினான்கு மணி நேர விளக்கு, பதினெட்டு டிகிரிக்குக் குறையாத அறை, எல்லாம் செய்தேன். கட்டடங்களுக்குச் சூடேற்றும் அமைப்புகளை வடிவமைப்பதுதான் என் தொழில். ஒரு தொட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்று குளிர்காலமும் டிசம்பர் பாதியில் இலைகள் கறுத்து, வேகவைத்த கீரை மாதிரி தொங்கின. வேரழுகல் என்று முடிவுகட்டி மண்ணை மாற்றினேன். அப்பா போன பிறகு என்னோடு வந்துவிட்ட அம்மா, வாய்விட்டுப் பேசுவதே அந்தச் செடியோடுதான். "கடைச் செடியெல்லாம் நோஞ்சான். நம்ம தாமுவே செடிதான் பொழைக்கும்" என்றார். கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து, நாங்கள் முன்பு குடியிருந்த தாமுவே பேட்டைக்கு டாக்சியில் முக்கால் மணி நேரம். வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஓட்டுநர் பர்மியில் கேட்டார்: "பூச்செடிக்காகவா இவ்வளவு தூரம்? காதலிக்கா?"

"அம்மாவுக்கு."

"அப்படியென்றால் நீ பேரம் பேசியிருக்கக் கூடாது."

எங்கள் பழைய வீட்டை வாங்கியவர்கள் வாசலுக்கு சிமெண்ட் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, எதிர்வீட்டு முத்து அத்தை எங்கள் செடியிலிருந்து எப்போதோ வெட்டி நட்ட கிளை புதராகியிருந்தது. கரண்ட் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டே கத்தரியை எடுத்தார்.

"தம்பி, இது பனி தாங்கும். மார்கழி பூரா வெளியதான கெடக்கு."

"அத்தை, அங்க விழுறது ஐஸ். இந்தப் பனி இல்ல."

"பனின்னா பனிதான். பர்மா பாஷைல கேட்டாலும் ரெண்டும் ஹ்னின்தான். ஒங்கம்மாவும் அதத்தான சொல்லுச்சு? மார்கழி பொறந்தா விடியக்காலம் தொட்டிய வாசல்ல வைக்கணும், பனி குடிச்சாத்தான் மொட்டு விடும்னு. தெனம் வைக்குதாமே."

"எந்த வாசல்ல?"

"வீட்டு வாசல்லதான். பக்கத்துலயே நிக்குமாம். முந்தாநேத்து போன்ல ஒரே சண்ட. 'தொட்டியோட எதிர்ல நிக்கிறேன், ஏன்டி முத்து வெளிய வர மாட்டேங்கிற'ன்னு. வெளாட்டுன்னு நான் சிரிச்சேன்."

எங்கள் வீடு பதினோராவது மாடி. வாசல் கிடையாது, பால்கனிதான் இருக்கிறது. செடி செத்து மூன்று வாரம் ஆகிறது. வெறும் தொட்டி.

உடனே அம்மாவுக்கு போன் செய்தேன். அங்கே இரவு தொடங்கியிருந்தது.

"முத்து வீட்லயா இருக்க? இரு, வாசலுக்கு வர்றேன்."

"வராதம்மா. உள்ளயே இரு."

கதவு நகரும் சத்தம் கேட்டது. கத்தினேன். எங்கள் சாவி ஒன்றை வைத்திருக்கும் பக்கத்து ஃப்ளாட்காரருக்கு அத்தையின் போனிலிருந்து அழைத்தேன். அவர் ஓடிப்போய் அம்மாவைப் பால்கனியிலிருந்து உள்ளே இழுத்து வந்தார். வெறுங்காலாம்.

திரும்பும் விமானத்துக்குக் காத்திருந்தபடி இதை எழுதுகிறேன். குச்சிகளை அத்தையிடமே விட்டுவிட்டேன். அனுமதியும் சான்றிதழும் இல்லாமல் ஒரு கிளையைக்கூடக் கொண்டுபோகாதீர்கள். அவை கிடைக்க நாளாகும், எனக்கு நாள் இல்லை. இனி செய்யப்போவது:

1. பால்கனிக் கதவுக்கு, அம்மாவுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்.
2. மறதிக்கு டாக்டர். போன வருடமே போயிருக்க வேண்டும். நான் மண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன்.
3. கடையில் ஒரு நோஞ்சான் மல்லி. அது இந்தக் குளிர்காலம் பிழைத்துவிடும்.