கருப்புச் சாயம் ஓட்டிய வாரம்

டி.பி. எங்கள் அப்பா காலத்தோடு ஒழிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அப்போதெல்லாம் அது வந்தவருக்குத் தட்டும் டம்ளரும் தனி. தொண்ணூறுகளின் கடைசியில் அது திரும்பி வந்தது. வந்ததும் நேராக என் நெஞ்சில் குடியேறியது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், சாய டிரம்மில் எனக்கு வேலை. எங்கள் மேஸ்திரிக்கு இருமல் என்றாலே ஆகாது. யாராவது இருமினால், "யோவ், வூட்டுக்குப் போயி இருமு. நாளைக்கி வராத" என்பார். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. அதனால் டிரம் சுற்றும் சத்தத்தில்தான் நான் இருமுவேன். டிரம் நின்றால் வாயில் துண்டு.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்ப மாட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போய், நர்ஸம்மா பார்க்க விழுங்க வேண்டும். விடிந்ததும் முகம் தெரியாமல் முக்காடு போட்டுக்கொண்டு போவேன். அங்கே பெஞ்சில் என்னைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பார். பைக் ஓட்டுகிறவனே ஹெல்மெட் போடாத காலம் அது. நர்ஸம்மா பக்கம் மட்டும் திரும்பிக் கண்ணாடியைத் தூக்குவார், மாத்திரையைப் போடுவார், மூடிவிடுவார். பேச்சே கிடையாது.

"அண்ணே, இத்தப் போட்டா ஒண்ணுக்கு செவப்பா போவும், பயந்துடாதீங்க" என்று நர்ஸம்மா முதல் நாளே சொன்னார். எனக்கென்ன பயம்? யாராவது பார்த்தால் சாயம் என்று சொல்லிவிடலாம்.

ஒருநாள் ஷாப்பின் பின்சுவரோரம் ஒதுங்கினேன். பக்கத்தில் மேஸ்திரி வந்து நின்றார். சுவரைப் பார்த்தேன். இரண்டு பேருடையதும் ஒரே ஆரஞ்சு நிறம். அவரும் பார்த்துவிட்டார்.

"சாயம்யா" என்றார் அவசரமாக.

"எனக்கும் சாயந்தான் மேஸ்திரி."

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"ஆனா இந்த வாரம் பூரா கருப்புதானே ஓட்றோம்?"

வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த முக்காடு நீதானாய்யா?"

"ஹெல்மெட்டு நீங்களா?"

"உள்ள வேர்த்து ஊத்துதுய்யா" என்றார் பாவமாக.

அன்று சாயங்காலம், டிரம் நின்ற நேரமாகப் பார்த்து எனக்கு இருமல் வந்து தொலைத்தது. துண்டைத் தேடுவதற்குள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"இன்னா வேடிக்க? சாய நெடி, எல்லாருக்குந்தான் வரும். வேலையப் பாருங்கய்யா!" என்று கத்தினார். கத்தியதில் அவருக்கும் இருமல் வந்துவிட்டது. என் துண்டை நீட்டினேன்.