வெற்றிலை கேட்காத தபசு காலம்

என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில் மூட்டை அடுக்கும் வேலையில் இருந்தார். எங்களுக்குச் சர்வேசுரன் பிள்ளை கொடுக்கவில்லை. அவருக்கு இருந்த ஒரே பழக்கம் வெற்றிலை புகையிலை. பூசை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கன்னத்தில் அது அடங்கியிருக்கும்.

ஆனால் விபூதிப் புதன் வந்துவிட்டால் தொடமாட்டார். பித்தளை வெற்றிலைப் பெட்டியைத் துணியில் முடிந்து மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிடுவார். நாற்பது நாள் தபசு காலம் முடிந்து, ஈஸ்டர் பூசை பார்த்துவிட்டு வந்துதான் அவிழ்ப்பார்.

அதற்குள் அவர் படுகிற பாடு இருக்கிறதே! கொத்துமல்லி விதையை மென்று துப்புவார். சும்மா மேய்கிற கோழியைத் திட்டுவார். குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார். ஒருநாள் மாதா முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஏனுங்க, ஜெபமா?" என்று கேட்டேன்.

"ஜெபம் எங்க புள்ள வருது? பெட்டி கூப்புடுது. மாதா பாத்துட்டு இருக்காங்களேன்னு திரும்பி வாரேன்."

எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஈஸ்டர் அன்று கோயிலிலிருந்து எனக்கு முன்னால் ஓட்டமாக வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் முடிச்சை அவிழ்ப்பார். முதல் நாளே நான் புதுச் சுண்ணாம்பு குழைத்து, கொழுந்து வெற்றிலை வாங்கி வைத்திருப்பேன்.

ஒரு மார்கழியில் மிளகாய் மூட்டை அடுக்கின் மேலிருந்து விழுந்தார். நெற்றி தராசுக் கல்லில் மோதிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் கிடந்து, பொங்கல் கழித்து வீட்டுக்கு வந்தார். கை கால் நன்றாக இருந்தது. கேட்டால் பதிலும் சரியாக வந்தது. ஆனால் எதையும் தானாகத் தொடங்க மாட்டார். சோற்றை முன்னால் வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பார். "சாப்பிடுங்க" என்றால் சாப்பிடுவார். குடத்தைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போனேன்; திரும்பி வந்தபோது அதைப் பிடித்தபடியே நின்றார். கீழே வைக்கும்படி நான் சொல்லியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டரிடம் அழுதேன்.

"நெத்திக்குப் பின்னால மூளையில அடிம்மா. ஒண்ணு வேணும்னு ஆள எழுப்பறதும் அங்கதான், வேண்டாம்னு அடக்கறதும் அங்கதான். லாரிய முன்னால ஹேண்டில் போட்டுச் சுத்திக் கிளப்பறாங்கல்ல? உங்க வீட்டுக்காரருக்கு வண்டி நல்லாத்தான் இருக்கு. ஹேண்டில்தான் போச்சு. இனிமே நீங்கதான் சுத்தணும்."

"எத்தன நாளைக்குங்க?"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காயத்துக்காக வெற்றிலையை நிறுத்தியிருந்தோம். அவரும் கேட்கவில்லை. அதற்குள் விபூதிப் புதன் வந்தது. பெட்டியை முடியச் சொன்னேன், முடிந்தார். எத்தனை அடி பட்டாலும் அந்தப் பெட்டி ஒருநாள் இவரைக் கூப்பிடாமல் இருக்காது என்று நம்பினேன். இன்றைக்குக் கோழியைத் திட்டுவார், நாளைக்கு உப்பில்லை என்பார் என்று காத்திருந்தேன். குழம்பை உப்பில்லாமல் வைத்தும் பார்த்தேன். சாப்பிட்டார்.

மண்டி ஆட்கள் பார்க்க வந்து, அவர் எதிரிலேயே வெற்றிலை போட்டார்கள்.

"ஒரு வாய் போடுறது! மாதாகிட்ட நாங்க சொல்ல மாட்டமுங்க."

அவர் அசையவில்லை. "கண்ணு கூட இங்கிட்டுத் திரும்பல பாரப்பா! இது மனுசனா, சன்னாசியா!" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் அவர் முழந்தாளில் இருந்தார். உபதேசியார் சனங்களைப் பார்த்து, "இதுதான் தபசு. ஒடம்ப அடக்கினா இப்படி அடக்கோணும். நம்மளுக்கு வருமா?" என்றார். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு கண் துடைத்தார்கள். நான் போய் அவர் காதில், "எந்திரிங்க" என்றேன். எழுந்தார்.

யாரிடம் சொல்வேன்? அடக்குவதற்கு ஆசை என்று ஒன்று இருக்கவேண்டாமா? முன்பெல்லாம் பெட்டியோடு மல்லுக்கு நின்றாரே, அதைத்தான் ஆண்டவருக்குக் காணிக்கையாக வைத்தார். இப்போது அவரிடம் வைக்க என்ன இருக்கிறது?

ஈஸ்டர் வந்தது. எப்போதும்போல் சுண்ணாம்பு குழைத்தேன், கொழுந்து வெற்றிலை வாங்கினேன். பூசை முடிந்து வந்ததும் அவரை உட்காரச் சொல்லி, பெட்டியைத் திறந்து மடியருகே வைத்தேன். புகையிலை வாசம் என் மூக்கிலேயே ஏறியது. போடச் சொன்னால் போட்டுவிடுவார், அது எனக்குத் தெரியும். அதனால் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். ஒரு விரல் தானாக அசைந்தால் போதும், தாயே, ஒரே ஒரு விரல் என்று வேண்டினேன்.

வெயில் ஏறியது. வெற்றிலை ஓரம் சுருண்டது. பக்கத்து வீட்டு நெசவுக்காரம்மா பலகாரம் வாங்க வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, பண்டிகை வந்தும் அண்ணனுக்கு வெரதம் முடியலையா? சாமி ஆகிப்போட்டாரு போங்க! எங்கூட்டுக்காரருக்கும் இத்துனூண்டு கத்துக்குடுக்கச் சொல்லுங்க."

அவளுக்குப் பலகாரத்தைக் கொடுத்து அனுப்பினேன். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "போடுங்க" என்றேன்.

உடனே எடுத்தார். காம்பு கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார், மடித்து வாயில் போட்டார். எல்லாம் பழையபடி அச்சாக அவர் கைதான். மென்றார். வாய் நிறைந்தது. சிவப்பு கடைவாயில் வழிந்து புதுச்சட்டையில் இறங்கியது. அப்போதும் மென்றுகொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"துப்புங்க" என்றேன். துப்பினார்.

அதற்குப் பிறகு அவரைக் குணமாக்கச் சொல்லி நான் மாதாவிடம் கேட்டதில்லை. எனக்கு முன்னால் அவரை எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். சாப்பிடச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?